ஜெபக்குறிப்பு என்று தலைப்பிட்டவை

நேமம், திருவனந்தபுரம்
5 செப்டம்பர் 1999

கர்த்தருக்குள் அன்பான தம்பி பிரஜினுக்கு அக்கா எலிசாள் எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகம். லீட்ஸில் நீ எப்படி இருக்கிறாய், குளிர் தொடங்கிவிட்டதா என்று எழுது.

அம்மாவின் இடுப்பெலும்பு சேர்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாதான் இன்னும் நம்பவில்லை. கட்டிலிலிருந்து நாற்காலிக்குப் போக என் தோள் வேண்டும், திரும்பி வரவும் வேண்டும். தனியாக விட முடியாது. பகலில் பக்கத்து வீட்டு ஜினி வந்து இருக்கிறாள். "சேச்சி தைரியமாயிட்டு பொய்க்கோ, அம்மச்சிய ஞான் நோக்கிக்கோளாம்" என்று, அம்மாவைத் தான் பார்த்துக்கொள்வதாக அவள் சொல்லும் தைரியத்தில்தான் நான் பஸ் ஏறுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் அலுவலகத்துக்கு ஈமெயில் வந்துவிட்டது. பழவங்காடிக்குப் பின்னால் கயிற்றுப் பாய் ஏற்றுமதி செய்யும் நாலு பேருக்கு அது எதற்கு என்று நீ கேட்பாய். ஹாம்பர்க் வியாபாரி கேட்டுவிட்டான், வேறு வழியில்லை. முதலாளி நாகேஸ்வரன் சார் இருப்பதிலேயே மலிவான இணைப்பாகப் பார்த்து வாங்கியிருக்கிறார். அதில் படம் வராது, மவுஸ் வேலை செய்யாது, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும்தான். "எழுத்து வந்தாப் போறும்மா, படத்தைப் பாத்து நமக்கு என்ன ஆகணும்?" என்கிறார். பைன் என்று ஒரு புரோகிராம். எனக்கு டைப்பிங் தெரியும் என்பதால் அதை என் தலையில் கட்டியாயிற்று. தப்பை அழிக்க பேக்ஸ்பேஸை அமுக்கினால் அழியாமல், தொப்பி மாதிரி ஒரு குறியும் எச் எழுத்தும் வருகிறது. முதல் கடிதம் ஹாம்பர்க்குக்கு ஏழெட்டுத் தொப்பியோடு போய்ச் சேர்ந்தது. நீ கம்ப்யூட்டரில் ஆராய்ச்சி செய்கிறவன். இதை எப்படி ஒழுங்கு பண்ணுவது என்று எழுது.

உன் அத்தானுக்கு மஸ்கட்டில் வேலை உயர்ந்திருக்கிறது. இனிமேல் மனைவியை அழைத்துக்கொள்ளக் கம்பெனி விடுமாம். பார்ப்போம்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புள்ள அக்கா
எலிசாள்


லீட்ஸ்
19 செப்டம்பர் 1999

அன்புள்ள அக்கா,

நான் நலம். குளிர் இன்னும் வரவில்லை, மழைதான். அம்மாவின் எலும்பு சேர்ந்தது பற்றி மகிழ்ச்சி. நடக்கச் சொல்.

உன் சிக்கல் சின்னது. பேக்ஸ்பேஸ் பொத்தானுக்கு என்ன அர்த்தம் என்பதில் உன் மேசையிலுள்ள கம்ப்யூட்டருக்கும் இணைப்புக் கொடுக்கிறவர்களின் பெரிய கம்ப்யூட்டருக்கும் உடன்பாடு இல்லை, அவ்வளவுதான். நீ எதையும் கெடுக்கவில்லை. தனித் தாளில் கட்டளைகளை எழுதி இணைத்திருக்கிறேன். இணைப்புக் கிடைத்தவுடன் அதில் முதல் வரியை அப்படியே அடி.

பிறகு பைனுக்குள் போய் அமைப்புப் பக்கத்தைத் திற. வரிவரியாக நிறைய இருக்கும். தாளில் நான் எழுதியவற்றை மட்டும் மாற்று. அனுப்பும் கடிதத்துக்கு ஒரு நகல் தானாகச் சேமிக்கப்பட வேண்டும். பதில் எழுதும்போது வந்த கடிதத்தின் வரிகளும் கூட வர வேண்டும், இல்லாவிட்டால் எதற்குப் பதில் சொல்கிறாய் என்று எதிராளிக்குத் தெரியாது. உன் பெயரும் அலுவலக முகவரியும் அடியில் தானாக ஒட்டிக்கொள்ளும்படி கையொப்பம் வைத்துக்கொள். ஹாம்பர்க்குக்கு அட்ரஸ் புத்தகத்தில் ஒரு செல்லப்பெயர் கொடு. தினமும் வேலை செய்யப்போகும் இடம், முதலில் ஒரு நாள் செலவழித்து ஒழுங்கு செய்துகொண்டால் பிறகு கை தானாகப் போகும்.

எல்லாம் சரியானதும் தமிழையே ஆங்கில எழுத்தில் அடித்து எனக்கு ஒன்று அனுப்பிப் பார். தபாலுக்குக் காத்திருப்பது எனக்குப் பிடிக்கவில்லை.

அன்புடன்
பிரஜின்


தேதி: 8 அக்டோபர் 1999
தலைப்பு: தொப்பி போய்விட்டது

அன்பான தம்பி,

சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நீ எழுதியபடியே அடித்தேன். தொப்பி போய்விட்டது. நகல் நிற்கிறது, கையொப்பம் ஒட்டிக்கொள்கிறது. ஹாம்பர்க்காரனுக்கு 'பாய்' என்று செல்லப்பெயர் வைத்தேன். சாருக்கு ஒரே ஆச்சரியம். "நீ தந்தி ஆபீஸ்லே இருந்திருக்க வேண்டியவம்மா" என்கிறார். சம்பளத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

எனக்குப் புது வேலை ஒன்றும் வந்திருக்கிறது. சபையில் யோசுவா போதகருக்கு விஷயம் எட்டிவிட்டது. வாராவாரம் ஜெபக்குறிப்புகளை நான் அடித்து, வெளிநாட்டில் இருக்கும் நம் சபையார் எல்லோருக்கும் சனிக்கிழமை அனுப்ப வேண்டும். யாருக்கு ஆபரேஷன், யாருக்கு வேலையில்லை, யார் வீட்டில் சமாதானமில்லை, எல்லாம் அதில் வரும். நம் ஆட்கள் நேரே சொல்லமாட்டார்களே, ஜெபித்துக்கொள்ளுங்கள் என்றுதானே சொல்வார்கள். அனுப்பும் பட்டியலில் உன் பெயரையும் சேர்த்திருக்கிறேன்.

அத்தான் விசாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். வந்தால் அம்மாவை என்ன செய்வது என்பதுதான் யோசனை. கிறிஸ்துமஸுக்கு நீ வருவாயா?

அன்புள்ள அக்கா


தேதி: 25 அக்டோபர் 1999
தலைப்பு: பதில்: தொப்பி போய்விட்டது

அன்புள்ள அக்கா,

நலம். நன்றாகச் செய்திருக்கிறாய்.

கிறிஸ்துமஸுக்கு வர வழியில்லை. ஆய்வேட்டில் இரண்டு அத்தியாயம் பாக்கி, மார்ச்சில் லிஸ்பனில் ஒரு கருத்தரங்கு. அதன் பிறகு பார்க்கலாம்.

ஒரு விஷயம், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. சனிக்கிழமைப் பட்டியல் வருகிறது. அதைப் படித்துவிட்டுச் சிலர் எல்லோருக்கும் ஆமென் என்று பதில் போடுகிறார்கள். டொராண்டோவிலிருந்து ஒருவர் முழுச் சங்கீதத்தையும் சேர்த்து அனுப்புகிறார். என் பெட்டி நிரம்பி, வேலைக் கடிதங்கள் கண்ணில் படுவதில்லை. அதனால் இங்கே ஒரு விதி எழுதியிருக்கிறேன். தலைப்பில் ஜெபக்குறிப்பு என்ற சொல் இருந்தால் அது என் பெட்டிக்கு வராமல் நேரே தனி ஃபோல்டருக்குப் போய்விடும். ஓய்வு கிடைக்கும்போது திறந்து படிப்பேன். நீ அனுப்புவதை நிறுத்த வேண்டாம், போதகர் வருத்தப்படுவார்.

அத்தானைக் கேட்டதாகச் சொல். அம்மாவுக்கு முத்தம்.

பிரஜின்


தேதி: 23 நவம்பர் 1999
தலைப்பு: ஜெபக்குறிப்பு

அன்பான தம்பிக்கு ஸ்தோத்திரம்.

இது சனிக்கிழமைப் பட்டியல் அல்ல. உனக்கு மட்டும். ஆனாலும் தலைப்பைப் பார்த்ததும் உன் விதி இதைத் தனி ஃபோல்டரில் தள்ளிவிடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் வைத்தேன். எனக்கு எழுத வேண்டும் போலிருக்கிறது. நீ உடனே படித்துவிடுவாய் என்றால் எழுத வராது.

விசா வந்துவிட்டது. மார்ச் 31க்குள் நான் மஸ்கட்டில் இறங்க வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் உன் அத்தான் லீவில் வந்து நின்ற நாட்கள்தான் எங்கள் குடித்தனம். இப்போது எனக்கு முப்பத்தேழு. போன மாதம் லேடி டாக்டரிடம் போனேன். "குட்டி வேணமெங்கில் இனி வைகிக்கண்டா" என்று, பிள்ளை வேண்டுமென்றால் இனித் தாமதிக்கக் கூடாது என்பதை முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்று அழுதேன். நாலைந்து பேர் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எனக்குப் போக ஆசையாக இருக்கிறது. அம்மாவை விட்டுப் போகப் பயமாகவும் இருக்கிறது. ஜினி பகலுக்குத்தான். நீ வந்து கொஞ்ச காலம் இருந்தால் எல்லாம் நடக்கும். உன்னை வா என்று சொல்லவில்லை. வழி திறக்க ஜெபித்துக்கொள்.

அக்கா


தேதி: 23 நவம்பர் 1999
தலைப்பு: வரி உடைகிறது

அன்பான தம்பி,

சுகம். உன் சுகத்துக்கு எழுது. 'பாய்' அனுப்பிய விலைப்பட்டியலுக்குப் பதில் போடும்போது அவனுடைய நீளமான வரிகள் உடைந்து, பாதி வார்த்தை தனியாக நிற்கிறது. நூற்றுப் பதினாலு மார்க் வெறும் பதினாலு மார்க் மாதிரித் தெரிகிறது. சாருக்குப் படபடப்பு வந்துவிட்டது. எந்த இடத்தில் மாற்ற வேண்டும்?

அம்மா நேற்று வாசல் வரை நடந்தாள். இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை.

அக்கா


தேதி: 20 டிசம்பர் 1999
தலைப்பு: பதில்: வரி உடைகிறது

அன்புள்ள அக்கா,

நலம். தாமதத்துக்கு மன்னி. வரியின் நீளத்தை எழுபத்திரண்டு எழுத்து என்று அமைப்புப் பக்கத்தில் வை. எண்கள் உள்ள பகுதியில் மட்டும் வரிகளை நீயே சேர்த்துவிட்டு, பிறகு பத்தியை ஒழுங்குபடுத்தும் கட்டளையை அமுக்காதே. அமுக்கினால் மறுபடி கலைத்துவிடும்.

அம்மா வாசல் வரை நடந்தது நல்ல செய்தி. விசேஷம் ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தாய், அதுவும் நல்லதுதான். இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. நான் லிஸ்பனுக்கான கட்டுரையோடு மல்லுக்கட்டுகிறேன்.

உனக்கும் அம்மாவுக்கும் அத்தானுக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கள்.

பிரஜின்


தேதி: 17 பிப்ரவரி 2000
தலைப்பு: ஜெபக்குறிப்பு

அன்பான தம்பி, சமாதானம்.

போன கடிதத்தை நீ இன்னும் திறக்கவில்லை என்று தெரிகிறது. இதையும் அதன் பக்கத்தில் வைக்கிறேன்.

அத்தான் இரண்டு அறை வீடு எடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஜினி வீட்டு போனில் கூப்பிட்டு, அடுக்களை ஜன்னலுக்குப் பச்சைத் திரை வாங்கவா நீலம் வாங்கவா என்று கேட்டார். நீலம் என்றேன். எப்போது டிக்கெட் எடுக்க என்று கேட்டார். அம்மாவுக்கு ஒரு ஏற்பாடு செய்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். சரி, நீலமே வாங்குகிறேன் என்று வைத்துவிட்டார். மனுஷன் அதிகம் பேசுகிறவர் இல்லை. நான் அதற்கு மேல்.

சாயங்காலம் அம்மா கேட்டாள்.

"பிரஜின்கிட்ட சொன்னியாட்டீ?"

"எழுதியாச்சி."

"என்ன சொன்னான்?"

"இன்னும் படிக்கலபோல."

"பெரிய படிப்புல்லா படிக்கான். கடுதாசி படிக்க நேரம் கெடைக்குமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவும் சிரித்தாள். அவளுக்கு என்ன புரிந்தது என்று தெரியவில்லை.

ஒரு நாள் தலைப்பை மாற்றி அனுப்பிவிடலாம் என்று உட்கார்ந்தேன். 'விசா' என்று அடித்தேன். அழித்தேன். பேக்ஸ்பேஸ் இப்போது நன்றாக வேலை செய்கிறது.

ஜெபித்துக்கொள்.

அக்கா


தேதி: 31 மார்ச் 2000
தலைப்பு: ஜெபக்குறிப்பு

தம்பி,

இன்றோடு தேதி முடிந்தது. அம்மாவும் நானும் சுகம்.

அக்கா


தேதி: 12 ஏப்ரல் 2000
தலைப்பு: உன் மூன்று கடிதங்கள்

அக்கா,

லிஸ்பனிலிருந்து திரும்பி வந்ததும் எனக்குக் கொடுத்த இடம் நிறைந்துவிட்டது என்று பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் பிரிவு எச்சரித்திருந்தது. எந்த ஃபோல்டர் பெரிது என்று பார்த்தேன். ஜெபக்குறிப்பு. மொத்தமாக அழிக்கும் கட்டளையை அடித்தேன். உறுதிதானா என்று கேட்டது. ஒரு தடவை பட்டியலை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தேன். சனிக்கிழமை அல்லாத நாட்களில் உன் பெயரில் மூன்று இருந்தன.

மூன்றையும் படித்தேன். பிறகு மறுபடியும் படித்தேன். இன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை.

ஏன் அக்கா? தலைப்பில் ஒரே ஒரு சொல்லை எடுத்திருந்தால் அது நவம்பரிலேயே என் கைக்கு வந்திருக்கும். அன்றைக்கே இன்னொன்றும் எழுதியிருக்கிறாய். வரி உடைகிறது என்று. அதற்கு நான் யோசித்துப் பதில் எழுதினேன். விசேஷம் ஒன்றும் இல்லை என்றாய், நானும் நம்பினேன். அக்டோபரிலேயே விசாவைப் பற்றியும் அம்மாவைப் பற்றியும் நீ கேட்டிருந்தாய். நான் லிஸ்பனைப் பற்றி எழுதினேன். நம்பிவிடுவது எனக்கு வசதியாக இருந்திருக்கிறது. வெட்கமாக இருக்கிறது.

அந்த விதியை அழித்துவிட்டேன். அதனால் இனி என்ன பயன் என்று தெரியவில்லை. ஒரு முறை உனக்குப் போன் செய்ய ஜினி வீட்டு எண்ணைத் தேடினேன். அது என்னிடம் இல்லை என்பதே இப்போதுதான் தெரிகிறது.

உனக்கு என்மேல் கோபமா? நான் என்ன செய்ய வேண்டும்? சொல், செய்கிறேன்.

பிரஜின்


தேதி: 17 ஏப்ரல் 2000
தலைப்பு: நீ வர வேண்டும்

அன்பான தம்பி பிரஜின்,

அம்மா சுகம். வாசலைத் தாண்டி ஜினி வீட்டு மதில் வரை போய்விட்டு வருகிறாள். நான் இரண்டு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை. நீயும் தூங்கியிருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன்.

ஏன் என்று கேட்டிருக்கிறாய். உன்னை வா என்று கேட்டு, நீ முடியாது என்று எழுதியிருந்தால், அதன் பிறகு உன்னை எப்படி நினைத்துக்கொண்டு நான் இந்த வீட்டில் இருப்பேன்? கேட்காமல் விட்டால் நீ எனக்கு நல்ல தம்பியாகவே இருப்பாய். நானும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன் என்று இருக்கலாம். அவ்வளவுதான் என் கணக்கு. அதில் உன் அத்தானை நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் போன் செய்தார். அந்த நீலத் திரையை அடுத்த வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டாராம். மறுபடி விசாவுக்கு எழுதிக் கொடுப்பீர்களா என்று நான்தான் கேட்டேன். அவர் குரலை உயர்த்தவில்லை. "வேண்டாம் எலிசா. ஒனக்கு வர மனசில்லன்னு எனக்குப் பிப்ரவரியிலயே தெரியும். ஒன்மேல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல" என்றார்.

ஆறு வருஷம் காத்திருந்த மனுஷன் அப்படி நினைத்துக்கொண்டு அந்த இரண்டு அறையில் படுத்திருந்திருக்கிறார். நான் சொல்லாமல் விட்டதை அவர் அப்படித்தான் படித்திருக்கிறார். எனக்கு மனசிருக்கிறது, வருகிறேன் என்று போனிலேயே சத்தமாகச் சொன்னேன். ஜினி வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர், நாளைக்கே எழுதிக் கொடுக்கிறேன் என்றார். ஜூலையில் வந்துவிடும் என்கிறார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடமும் சொன்னேன். "இத வாயத் தொறந்து சொல்ல ஒனக்கு இம்புட்டு நாளாச்சா? நான் ஒனக்குத் தடையா கெடக்கேனோன்னு தெனமும் ராவுல நெனச்சிட்டுக் கெடந்தேன்" என்று அழுதாள். நானும் அழுதேன். பிறகு சோறு போட்டுச் சாப்பிட்டோம்.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டாயே. ஜூன் கடைசிக்குள் நீ இங்கே வந்துவிட வேண்டும். லீவுக்கு வருவது மாதிரி பெட்டியைத் திறக்காமல் வைத்துக்கொண்டு வராதே. குறைந்தது ஒரு வருஷம் அம்மாவோடு இந்த வீட்டில் இருக்க வேண்டும். மிச்ச அத்தியாயத்தை இங்கே உட்கார்ந்து எழுது. உனக்கு இது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். எனக்காகச் செய் என்று கேட்கிறேன்.

வர முடியாது என்றால் அதையும் மறைக்காமல் எழுது. அம்மாவுக்கு வேறு என்ன வழி என்று நாம் இரண்டு பேரும் சேர்ந்து யோசிப்போம். ஆனால் அப்போதும் நான் போவேன்.

அன்புள்ள அக்கா
எலிசாள்